முப்பத்தொரு போத்தல் தண்ணீர்

புங்குடுதீவில் நான் குடித்த முதல் தேநீரைப் பற்றி என் குறிப்பேட்டில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "அருமையான தேநீர். தண்ணீர் இனிக்கிறது. நாளைக்கே முழுக் குறிச்சியையும் அளந்து முடித்துவிடலாம்." இந்த மூன்று வாக்கியங்களையும் அடித்துவிட வேண்டும் என்று பலமுறை பேனாவைத் திறந்திருக்கிறேன். அடிக்கவில்லை. நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு தலைக்கேறும் நாட்களில் எடுத்துப் படிப்பதற்காக விட்டு வைத்திருக்கிறேன்.

என் தொழில் தண்ணீரை அளப்பது. சென்னையில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் பதினெட்டு வருடமாக இதையேதான் செய்கிறேன். யாழ்ப்பாண நகரம் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டு போகிறது. மாடி வீடுகள், கல்யாண மண்டபங்கள், விடுதிகள் என்று எல்லாவற்றுக்கும் குழாய்த் தண்ணீர் வேண்டும். அதற்கான திட்டம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. நகரத்துக்குப் போடும் பெருங்குழாயைக் கடல் நடுவே போகும் தாம்போதிச் சாலை வழியாகத் தீவுப் பக்கத்துக்கும் நீட்டுவதாக ஏற்பாடு. ஆனால் முதல் கட்டத்தில் எல்லா ஊருக்கும் குழாய் போதாது. எந்தக் குறிச்சியின் கிணறுகள் அதிகம் உப்போ அதற்கு முதலில். நல்ல தண்ணீர் உள்ளவர்கள் இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் கட்டம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சென்னையில் என் தெருவில் இரண்டாம் கட்டத்துக்காகத் தோண்டிய பள்ளத்தில் முளைத்த வேப்பங்கன்று இப்போது மரமாகி நிழல் தருகிறது.

ஊர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்தில் முடிவாகும். நான் புங்குடுதீவுக்குப் போனது செவ்வாய்க்கிழமை.

தாம்போதியின் நடுவில் ஆட்டோ நின்றுவிட்டது. ஓட்டிவந்த தவம் அண்ணை இறங்கி, பின்பக்கம் போய் எதையோ தட்டினார். இரண்டு பக்கமும் கடல். சோளகக் காற்று, அதாவது தெற்கேயிருந்து மாதக்கணக்கில் அடிக்கும் காற்று, ஆட்டோவின் கூரைச் சீலையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். குடிக்க என்னிடம் அரைப் போத்தல் இருந்தது.

"இந்தியாவிலயிருந்து தண்ணி அளக்கவோ வந்தனீங்கள்?" என்றார் தவம் அண்ணை, கையைத் துடைத்துக்கொண்டே.

"ஆமா."

"அளந்து?"

"உப்பா இருந்தா குழாய் வரும்."

"அப்ப அளக்கத் தேவையில்லை. நக்கிப் பார்த்தாலே காணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உப்பு அளக்கும் மீட்டர் வைத்திருப்பவளிடம் நக்கிப் பார் என்று சொன்னால் எப்படி இருக்கும்? கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மனுஷன் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

நான் அளக்கப் போன இடம் இறுப்பிட்டிக்கு அப்பால் ஒரு கரையோரக் குறிச்சி. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் றெஜினா அக்காவுக்குக் கோபம் வரும். முப்பத்தொரு வீடு. பெரும்பாலும் கடற்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்கள். விடுதி எதுவும் கிடையாது என்பதால் மாதர் சங்கத் தலைவியான றெஜினா அக்காவின் வீட்டில் தங்க ஏற்பாடாகியிருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வலது முழங்காலைச் சற்று இழுத்து நடப்பார். கணவர் விடிவதற்கு முன் கடலுக்குப் போய், மத்தியானம் வந்து படுத்துவிடுவார். நான் அங்கிருந்த நாட்களில் அவர் மொத்தமாகப் பேசியது ஆறு வார்த்தை இருக்கலாம்.

"இருங்கோ, களைச்சுப் போய் வந்திருக்கிறீங்கள்" என்று கதிரையை இழுத்துப் போட்டார் அக்கா. அலுமாரியைத் திறந்து, தங்க விளிம்பும் ரோசாப்பூவும் போட்ட கோப்பை ஒன்றை எடுத்துத் துடைத்து அதில் தேநீர் தந்தார். அலுமாரியில் அந்த மாதிரி ஆறு கோப்பைகள் இருந்தன. அன்றாடம் அவர்கள் குடிப்பது எவர்சில்வர் பேணியில்.

குளியலறையில் இரண்டு பெரிய வாளி நிறையத் தண்ணீர். நான் சென்னைக்காரி. எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள், "தண்ணி பார்த்துச் செலவு பண்ணுங்க, லாரி நாளை மறுநாள்தான்" என்று சொல்லிவிடுவோம். அதில் எங்களுக்கு வெட்கமே கிடையாது. இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே ஆனந்தமாகத் தலைக்கு ஊற்றிக் குளித்தேன். சோப்பு நன்றாக நுரைத்தது. தூசி படிந்த இரண்டு சோடி உடுப்பையும் அலசிக் காயப்போட்டேன். அலசிய தண்ணீரை முற்றத்து வாழைக்கு ஊற்றினேன், நல்ல காரியம் செய்கிற நினைப்பில்.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் முதல் நாள் கற்றுத்தரும் பாடம், தண்ணீரை உன் கையால் கிணற்றிலிருந்து எடு என்பது. வேறு யார் எடுத்துத் தந்தாலும் வாங்காதே. இளம் பொறியாளர்களுக்கு நானே இதை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று வெயில். காற்றில் மணல் பறந்து கண்ணில் விழுந்தது. முப்பத்தொரு கிணற்றில் வாளி விட வேண்டும் என்று நினைத்தபோதே தோள்பட்டை வலித்தது.

"அக்கா, ஒவ்வொரு வீட்டுலயும் அவங்க தண்ணியில ஒரு பாட்டில் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. காலையில வந்து பார்த்துக்கறேன்" என்றேன்.

"ஓம், அதுக்கென்ன. சொல்லிவிடுறன்" என்றார் அக்கா.

எதற்காக அளக்கிறேன் என்று தவம் அண்ணையிடம் சொன்னேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஒரு திருவிழா மாதிரி நடந்தது. ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் யாராவது எனக்காக நின்றார்கள். போத்தல்கள் கழுவித் துடைத்துக் கதிரைமேல் வைக்கப்பட்டிருந்தன. ஒரு வீட்டில் அதற்குக் கீழே பூப்போட்ட துணிகூட விரித்திருந்தார்கள். பனங்காய்ப் பணியாரம் தந்தார்கள், பிளேன்ரீ தந்தார்கள். ஒரு வீட்டில் நண்டு போட்ட ஒடியற்கூழ். பிலாவிலையைக் கோலிக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். பத்தாவது வீட்டில் வயிறு நிறைந்தது. அதற்குப் பிறகும் இருபத்தொரு வீடு.

மீட்டரை ஒவ்வொரு போத்தலிலும் விட்டு எழுதிக்கொண்டே போனேன். எல்லாம் நல்ல தண்ணீர். நன்றாக இருக்கிறது என்பது மட்டுமல்ல, எல்லாம் ஒரே எண். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம். பதினெட்டு வருட அனுபவத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கிணறுகள்கூட ஒரே எண்ணைக் காட்டி நான் பார்த்ததில்லை. ஒரு வகுப்பில் முப்பத்தொரு பேரும் ஒரே விடையை எழுதினால் வாத்தியாருக்குச் சந்தேகம் வர வேண்டும். எனக்குச் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. மணலுக்கு அடியில் நன்னீர் ஏரி மாதிரித் தேங்கி நிற்கிறது, இதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று மனத்துக்குள் ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கியிருந்தேன்.

கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிடைப்பது கோயிலடியில் மட்டும். மாலை மூன்று மணிக்கு அங்கே நின்று எண்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். திட்டப் பொறியியலாளர் உடனே பதில் போட்டார்: மிகவும் நல்லது, அந்தக் குறிச்சியை முதல் கட்டத்திலிருந்து எடுத்துவிடலாம், மிச்சமாகும் குழாய் வேறு ஊருக்கு உதவும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன், பரிசு கொடுப்பவள் மாதிரி. "அக்கா, உங்க ஊர்த் தண்ணி அருமையான தண்ணி. குழாய்க்கு அவசரமே இல்லைன்னு எழுதி அனுப்பிட்டேன்."

அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"என்ன எழுதினனீங்கள்?"

"நல்ல தண்ணி இருக்கு, குழாய் அப்புறம் போதும்னு."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பிறகு, "ஓம். நல்ல தண்ணிதான்" என்றார் மெதுவாக. மீனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அன்று சோறு தரும்போதும் பேச்சில்லை. முழங்கால் வலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை அடுத்த அளவைக்காக நயினாதீவுக்குப் போக வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு கட்டியபடியே நின்றது. காற்று முதல் நாளைவிடக் கடுமை. நெடுந்தீவுக்குப் போகும் சனம் மூட்டைகளோடு வெயிலில் குந்தியிருந்தது. ஒருவர் கையில் சேவல், இன்னொருவர் தோளில் புதுச் சைக்கிள் ரயர். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகினமாம். ஆறு கான் தண்ணி அள்ள வேணும்."

"உங்கட கிணறு?"

"அது எங்களுக்கு. வாற சனத்துக்குக் குடுக்க ஏலுமே?"

அதைக் கேட்டேன். காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. பதினோரு மணிக்கு, இன்றைக்குப் படகு ஓடாது என்று அறிவித்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. தவம் அண்ணையின் ஆட்டோவில் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குத் திரும்பினேன்.

வீட்டில் யாரும் இல்லை. அக்காவின் கணவர் கடலிலிருந்து இன்னும் வரவில்லை. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது. என் போத்தல் காலி. குசினியில் நேற்று எனக்குத் தண்ணீர் வார்த்த மண்பானையும் காலி. வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறதே, நேற்று அளந்தது தேன் மாதிரித் தண்ணீர்தானே என்று போனேன். மூடியிருந்த தகரத்தை நகர்த்தி, வாளியை விட்டு அள்ளி, அப்படியே கையில் ஏந்தி ஒரு பெரிய மடக்குக் குடித்தேன்.

துப்பிவிட்டேன். உப்பு, அதற்குள் ஒரு கசப்பு.

மீட்டரை எடுத்து வாளிக்குள் விட்டேன். எண் ஏறிக்கொண்டே போயிற்று. மீட்டர் பழுது என்று ஒரு கணம் நம்பப் பார்த்தேன், மனிதப் புத்தி அப்படித்தான். பையில் மாதிரிக்காக வைத்திருந்த நேற்றைய போத்தலில் விட்டேன். பழைய எண்ணையே காட்டியது. மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

அப்போது ஒழுங்கையில் சைக்கிள் சத்தம் கேட்டது. அக்கா வந்துகொண்டிருந்தார். ஏறி ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய தண்ணீர்க் கான்கள் தொங்கின, நடுவில் இன்னொன்று. எதிர்க்காற்றில் முந்தானை முகத்தில் அடித்தது. ஒவ்வொரு எட்டுக்கும் வலது காலை ஊன்றி, கொஞ்சம் நின்று, பிறகு தள்ளினார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். என் கையில் வாளி இருந்தது.

"படகு ஓடேல்லையோ?" என்றார்.

"அக்கா, அந்தத் தண்ணி எங்கேயிருந்து?"

"வேம்படிக் கிணறு. ரெண்டு கட்டை தூரம்." கட்டை என்றால் அங்கே மைல். "அதுதான் இஞ்ச நல்ல தண்ணிக் கிணறு. உங்களுக்குக் குளிக்கக் காணாதெண்டு போனனான்."

இரண்டு வாளி, இரண்டு நாள், என் இரண்டு சோடி உடுப்பு, வாழைக்கு ஊற்றிய தண்ணீர். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அழுகையை மறைக்கக் கோபப்பட்டேன், அது என் பழக்கம்.

"நேத்து எல்லா வீட்டுப் பாட்டிலும் அந்தக் கிணத்துத் தண்ணியா?"

அக்கா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்களா?"

"ஏமாத்துறதோ? ஆர் ஆரை ஏமாத்தினது?" அக்காவின் குரல் உயரவில்லை. "நீர் கடல் தாண்டி வந்தனீர். எங்கட தண்ணியைப் பார்க்கப் போறன் எண்டு சொன்னனீர். உமக்கு முன்னால சவர்த் தண்ணியைக் கொண்டு வந்து வைக்கிறதே? நாய்க்குக்கூட நாங்கள் பார்த்துத்தான் வைக்கிறது. நான் சொல்லேல்ல. ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லேல்ல. அவையவை தங்கட மரியாதைக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்தினம். அங்க போய்ப் பார்த்தால் முழுச் சனமும் போத்தலோட நிக்குது."

"நேத்து நான் குழாய் வராதுன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது? நாங்கள் உமக்குப் பொய்த் தண்ணி தந்தனாங்கள் எண்டோ?"

அதுவரை நீங்கள் என்றவர் நீர் என்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. நான் விருந்தாளி இல்லை என்றாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டு அக்கா சொன்னார்: "டொக்டர் இனிப் பாரம் தள்ளக் கூடாதெண்டு சொல்லிப்போட்டார். கால் ஏலாத நாளில நாங்கள் ரெண்டு பேரும் இந்தக் கிணத்தைத்தான் குடிக்கிறது. மகள் பேரப்பிள்ளையோட யாழ்ப்பாண ரவுணில வாடகைக்கு இருக்கிறாள். குழாய் வந்தால் அடுத்த நாள் வாறன் எண்டவள். பால்மாவை இந்தத் தண்ணியில கரைச்சால் குழந்தை குடிக்குமே?"

மணி ஒன்று. கூட்டம் நாளைக் காலை பத்துக்கு. நான் வாளியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டேன். அக்காவும் எழுந்து கூட வந்தார்.

முதல் ஐந்து வீடுகளில் தலையைக் குனிந்துகொண்டு வழி விட்டார்கள். ஆறாவது வீட்டில் மரியநாயகம் ஐயா படலைக்குக் குறுக்கே நின்றார். அவர் பேத்திக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார்.

"என்ர கிணறு நல்ல தண்ணி. நேற்றுத் தந்த போத்தலைப் பாரும்" என்றார்.

"ஐயா, நானே ஒரு தடவை அள்ளிப் பார்த்துக்கறேன்."

"சவர்க் கிணத்து வீடெண்டு கடுதாசியில எழுதுவீர். அது ஒப்பீசெல்லாம் போகும். பிறகு இந்த வீட்டில ஆர் பெண் எடுப்பினம்?"

றெஜினா அக்கா என்னைத் தாண்டி முன்னால் வந்தார்.

"அண்ணை, செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேம்படிக் கிணத்தில எனக்கு முன்னால வரிசையில நிண்டது ஆர்? நீங்கள் போத்தலைக் கழுவி முடிக்கு மட்டும் நான் கால் நோவோட நிண்டனான். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் தெரியாதோ? அவையும் இந்தத் தீவுதானே."

கிழவர் அசையவில்லை. காற்று பனையோலைகளைப் போட்டு அடித்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அவர் உள்ளே போனார். கதவைச் சாத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாளியோடு வந்து, தானே கிணற்றில் விட்டு அள்ளி, என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீட்டர் காட்டிய எண்ணை நான் சத்தமாக வாசிக்கவில்லை.

ஐந்து மணிக்குள் இருபத்தொன்பது கிணறு. இரண்டு வீட்டார் கடைசிவரை விடவில்லை. எல்லாம் உப்பு, ஒவ்வொன்றும் வேறு வேறு எண். உண்மையான கிணறுகள் அப்படித்தான் இருக்கும்.

கோயிலடியில் நின்று திட்டப் பொறியியலாளரை அழைத்தேன். அவர் பொறுமையான மனிதர். ஆனாலும் பொறுமைக்கு எல்லை உண்டு.

"நேற்று எல்லாம் நல்ல தண்ணி எண்டு அனுப்பினீங்கள். இண்டைக்கு எல்லாம் உப்பு எண்டுறீங்கள். ஒரே ஆள், ஒரே மீட்டர், ஒரே ஊர். எதை நான் நம்புறது? பட்டியல் ரைப் பண்ணியாச்சு."

"நேத்து நான் கையால எடுக்கலை, சார். அவங்க எடுத்து வச்சதை அளந்தேன்."

"அதை எழுத்தில தருவீங்களோ?"

தந்தால் என் நிறுவனத்துக்குப் போகும். பதினெட்டு வருடப் பெயர். "தரேன்" என்றேன்.

"அப்ப நாளைக்குப் பத்துக்கு முன்னம் நேர வாங்கோ. கூட்டம் தொடங்கினால் என்ர கையில ஒண்டும் இல்லை."

வெள்ளிக்கிழமை விடிந்ததும், நேற்று நானே பிடித்து வைத்த இருபத்தொன்பது போத்தல்களையும் மீன் கட்டும் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் அடுக்கினேன். நானும் வாறன் என்று அக்கா பூசைக்கு உடுக்கும் வெள்ளைச் சேலையோடு வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்க், ஒரு துவாய் மூட்டை. ஏழு மணி பஸ் வரவில்லை. தவம் அண்ணையின் ஆட்டோ மறுபடியும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அவர் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டதாம். எட்டு மணிவரை தெருவில் நின்றோம். எட்டேகாலுக்கு மீன் ஏற்றிப் போகும் வண்டி வந்தது. அதன் முன்னிருக்கையில் சாரதியோடு இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டோம். கீழே மீன் தண்ணீர் ஓடியது. மடியில் பெட்டியை அணைத்துக்கொண்டேன்.

தாம்போதியில் ஒரு ரயர் காற்றுப் போயிற்று. சாரதி அவசரப்படாமல் இறங்கி, அவசரப்படாமல் ஒரு பீடி பற்றவைத்து, பிறகு ஜாக்கியைத் தேடினான். மணி ஒன்பது. தொண்டை காய்ந்தது.

"அக்கா, அந்த பிளாஸ்க்ல இருந்து ஒரு வாய் டீ குடுங்க."

"அது உமக்கில்லை" என்றார் அக்கா. பிளாஸ்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பேரப்பிள்ளைக்குப் பால் கொண்டுபோகிறார் போல என்று விட்டுவிட்டேன்.

பத்து இருபதுக்கு மீன் வாடையோடு கூட்ட அறைக்குள் நுழைந்தோம். நீளமான மேசை, ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு குடிநீர்ப் போத்தல், மேசைமேல் தட்டச்சான பட்டியல். திட்டப் பொறியியலாளர் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் நின்றபடியே சொன்னேன். வெயிலுக்குப் பயந்து கிணற்றடிக்குப் போகவில்லை, பிறர் பிடித்து வைத்த தண்ணீரை அளந்தேன், பிழை முழுக்க என்னுடையது. கையெழுத்திட்ட தாளையும் வைத்தேன்.

மேசையின் கோடியில் இருந்த ஒருவர் பெட்டியைப் பேனாவால் தட்டினார். "முதல் தரம் ஊர்ச் சனம் தந்த தண்ணி பொய்யெண்டால், இது மெய்யெண்டு என்ன நிச்சயம்? குழாய் வேணுமெண்டு கடல் தண்ணியைக் கலந்து தந்திருக்கலாம்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அள்ளினேன், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லலாம். ஆனால் இரண்டு நாளுக்கு முன் எழுதியதும் இதே கைதான். உப்புத் தின்றவள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் இங்கே தின்றது நான், தண்ணீருக்கு அலையப்போவது அவர்கள்.

அக்கா துவாய் மூட்டையை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். தங்க விளிம்புக் கோப்பைகள் ஆறும் உள்ளே இருந்தன. மீன் வண்டியில் அத்தனை தூரம் வந்தும் ஒன்றுகூட உடையவில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். பிளாஸ்கைத் திறந்து ஆறிலும் தேநீர் வார்த்தார். சாசரில் கொஞ்சம் சிந்தியது. முதல் கோப்பையைத் திட்டப் பொறியியலாளருக்கும், இரண்டாவதைக் கோடியில் இருந்தவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"குடியுங்கோ சேர்."

பொறியியலாளர் மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார். அவர் முகம் சுருங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். துப்ப இடமில்லை. விழுங்கினார். கோடியில் இருந்தவர் வாய்க்குள் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"இது என்ர வீட்டுக் கிணறு" என்றார் அக்கா. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கலியாணம் முடிச்சு வந்த நாளிலயிருந்து இந்தத் தண்ணியில ஒரு வெளியாளுக்குத் தேத்தண்ணி குடுத்ததில்லை. இண்டைக்குத்தான் குடுக்கிறன். பொய்யெண்டால் வந்து நீங்களே அள்ளிப் பாருங்கோ."

கண்ணைத் துடைக்காமல் கோப்பைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் அருகே போய் நின்றேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். ஒரு மனுஷியின் மானம் அந்த மேசைமேல் ஆறு கோப்பையில் ஆறிக்கொண்டிருந்தது. அங்கே கொண்டுவந்து வைத்தவள் நான்.

பொறியியலாளர் கோப்பையை மறுபடி எடுத்தார். வேண்டாம் சேர் என்று அக்கா கையை நீட்டினார். அவர் மிச்சத்தையும் மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு, பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இன்று கையெழுத்து இல்லை, வேறு ஆட்கள் போய்க் கிணற்றடியில் நின்று தங்கள் கையால் அள்ளி அளக்கட்டும், அதன் பிறகு முடிவு செய்வோம் என்றார். கோடியில் இருந்தவர் தன் குடிநீர்ப் போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்தார். எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

நான் சென்னைக்குத் திரும்பிய பிறகு நிறுவனம் எனக்குச் சில மாதம் வெளிவேலை தரவில்லை. மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய எண்களைச் சரிபார்த்தேன். நியாயமான தண்டனைதான். என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இப்போதும் தண்ணீரைப் பார்த்துச் செலவு செய்யச் சொல்கிறேன், ஆனால் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது.

மழை தொடங்கிய சமயம் அக்கா அழைத்தார்.

"பிள்ளை, எங்கட படலையடியில சிவப்பு மை பூசின முளை அடிச்சிருக்கினம். குழாய் அதால வருமாம். முதல் கட்டத்தில பேர் இருக்கு. மகள் வந்து பார்த்துப்போட்டுப் போனவள்."

"அளக்க வந்தாங்களா அக்கா?" என்றேன்.

"ஓம், நாலு பேர். தாங்களே வாளி விட்டு அள்ளினவை. முப்பத்தொரு கிணறும். மரியநாயகம் அண்ணைதான் முதல் ஆளாய்ப் படலையைத் திறந்து விட்டவர்."

"அவங்களுக்கு டீ குடுத்தீங்களா?"

"குடுக்காமல் விடுறதே?"

"எந்தத் தண்ணியில?"

"உமக்கென்ன விசரே பிள்ளை?" என்றார் அக்கா. "வீட்டுக்கு வந்த சனத்துக்கு ஆரும் சவர்த் தண்ணி குடுப்பினமே? வெள்ளன எழும்பிச் சைக்கிளைக் கொண்டு போனனான்."